இட்டேரிப் பக்கத்துச் சந்து

மாப்ளே, போன வாரம் ரெண்டு நாளு என்னைய உன்ற ஆபீசு மூலையில உக்கார வெச்சியே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கியாக்கும். சாமான் விக்க வர்றவன் வெலைய எச்சாச் சொன்னா, "எங்க மாமா ஒத்துக்க மாட்டாருங்க"ன்னு சொல்லித் தப்பிச்சுக்க ஒரு கெழவன் வேணும். சரின்னு வந்து உக்காந்தேன். பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு, காது கேக்காதவனாட்டவே இருந்தேன். செவுட்டுக் கெழவன் முன்னால ஆளுக மறைக்காமப் பேசுவாங்க. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில நாப்பது வருசம் நான் அப்படித்தான் பொழச்சேன்.

உன்ற வில்லங்கம் எங்க ஆரம்பிச்சுதுன்னும் தெரியும். ஜெர்மனி பையரு ஒரு எக்செல் ஷீட்டு அனுப்புனான். கம்ப்யூட்டருகள்ல ஓட்டை இருக்குதான்னு மாசாமாசம் பாக்கறீங்களா, ஆராச்சும் உள்ள பூந்தா என்ன பண்ணுவீங்க, அதுக்கு எழுதி வெச்ச வழிமுறை இருக்குதான்னு நெம்பக் கேள்வி. நீ ஷிப்மெண்ட் அவசரத்துல மேல ஒரு கட்டத்துல 'எஸ்'னு போட்டு, மூலையப் புடிச்சுக் கீழ வரைக்கும் இழுத்து விட்டுட்டே. இப்ப அவன் மரியாதையா எழுதிட்டான், "நெம்பச் சந்தோசம், ஆதாரம் அனுப்புங்க"ன்னு. அன்னைக்கு வெளிறுன மூஞ்சி உனக்கு இன்னும் நெறத்துக்கு வரலை.

நான் சொல்லப்போறதுல பாதி என்ற பேத்தி சொன்னது. அம்மிணி சரவணம்பட்டியில ராத்திரி ஷிப்டு. அமெரிக்காவுல ஏதோ கம்பெனியோட கம்ப்யூட்டரு வாசலை இங்கிருந்து காவல் காக்கறா. மீதிப் பாதி ஆடு மேச்சும், ரெண்டு நிட்டிங் மிஷினு போட்டு ஜாப் ஒர்க் ஓட்டியும் நான் கத்துக்கிட்டது. எது எந்தப் பாதின்னு நீயே பிரிச்சுக்க.

மொத நாளு வந்த பையன் விக்கறது வல்னரபிலிட்டி மேனேஜ்மென்டு. அந்தப் பேரை அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு வெச்ச டீ ஆறிப்போச்சு. ஆனா சோலி நமக்குத் தெரிஞ்ச சோலிதான். வேலி சுத்தறது. மழைக்கு முந்தி கொறங்காட்டைச் சுத்தி வந்து, கிளுவ பட்டுப்போன எடம், மாடு முட்டித் தள்ளுன எடம்னு சந்தெல்லாம் பாத்து வெச்சுக்கிட்டு, பொறகு முள்ளு வெட்டியாந்து அடைப்போமே, அதேதான். இந்தச் சாப்ட்வேரு ஒவ்வொரு கம்ப்யூட்டரு கதவையும் தட்டி, உள்ள என்ன ஓடுது, எந்த வெர்சன்னு கேட்டு, ஒலகத்துல இதுவரைக்கும் கண்டுபுடிச்ச ஓட்டைப் பட்டியலோட ஒப்பிட்டுப் பாக்குது.

அந்தப் பட்டியலுக்குச் சிவிஇன்னு பேரு. அமெரிக்காவுல மைட்டருன்னு ஒரு அமைப்பு 1999-லிருந்து எழுதிட்டு வருது. ஒவ்வொரு ஓட்டைக்கும் வருசத்தோட ஒரு நம்பரு. 2024-ல மட்டும் 40,000-க்கு மேல ஏறிச்சு. 2025 ஏப்ரல்ல அந்தக் கணக்கு எழுதறதுக்கான அரசாங்க ஒப்பந்தம் முடியறாப்பல ஆகி, ஒலகமே ஒரு நாளு கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னு, கடைசி நேரத்துல நீட்டிச்சாங்க. ஊரு ஓட்டைக்கெல்லாம் ஒரே கணக்குப்பிள்ளை; அவனுக்குச் சம்பளம் போடறது ஆருன்னு அன்னைக்குத்தான் பல பேருக்குத் தெரிஞ்சுதாம்.

அந்தப் பையன் ஓசியில ஒரு தடவை உன்ற ஆபீசைச் சோதிச்சுப் பாத்து ரிப்போர்ட்டு கொண்டாந்திருந்தான். நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டைன்னான். பக்கத்துக்குப் பக்கம் செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். நெம்ப அழகா இருந்துச்சு, பூ நோம்பிக் கோலமாட்ட. உனக்கு வேர்த்துப்போச்சு. அவன் எதிர்பாத்ததும் அதைத்தான். மாட்டுத் தரகனும் மொதல்ல நம்ம மாட்டுலதான் குத்தம் சொல்லுவான்.

செவப்புன்னா என்ன? பத்துக்கு ஒம்பதுக்கு மேல மார்க்கு. சிவிஎஸ்எஸ்னு அந்த மார்க்குக்குப் பேரு. சந்து எத்தனை பெருசுன்னு அது சொல்லும். ஆடு எந்த வழியா வரும்னு சொல்லாது. என்ற காட்டுல தெக்கால பாறைப் பக்கம் ஆனை நுழையற அளவுக்கு ஒரு சந்து இருந்துச்சு. அக்கட்டால பெரும்பள்ளம், ஒரு குருவி கூட வராது. கெழக்கால இட்டேரிப் பக்கம் கோழி நுழையற அளவுக்கு ஒரு சந்து. ஊரு மந்தை பூராவும் அந்த இட்டேரியிலதான் போகும். நான் எதை மொதல்ல அடைச்சிருப்பேன்? இந்தப் பையன் ரிப்போர்ட்டுல பாறைப் பக்கத்துச் சந்து மொதப் பக்கத்துல இருக்குது, இட்டேரிப் பக்கத்துச் சந்து எழுபதாம் பக்கத்துல மஞ்சளா இருக்குது.

அமெரிக்காவுல சீசான்னு ஒரு அரசாங்க அமைப்பு 2021 நவம்பர்லிருந்து இட்டேரிக் கணக்குத் தனியா எழுதுது. நெசமாவே திருடன் பூந்துட்டிருக்கற ஓட்டை மட்டும் அதுல ஏறும். கேஈவின்னு சொல்றாங்க. மொத்த ஓட்டை ரெண்டரை லட்சத்துக்கு மேல. இதுல இருக்கறது ஆயிரத்துச் சொச்சம்தான். ஈபிஎஸ்எஸ்னு இன்னொண்ணு இருக்குது, அடுத்த 30 நாள்ல இந்த ஓட்டையில ஆராச்சும் கை வெக்கறதுக்கு எத்தனை வாய்ப்புன்னு கணிச்சுச் சொல்றது. ரெண்டுமே காசில்லாமக் கெடைக்குது. வெல குடுத்து வாங்கற சாப்ட்வேரு இந்த ரெண்டையும் சேத்து, உன்ற எடத்துல எது வெளிய பாத்து நிக்குதுன்னும் சேத்து, மொதப் பக்கத்துல இருபது வரி குடுக்கோணும். நாலாயிரம் வரி குடுக்கறதுக்கு எதுக்குக் காசு?

அதைத்தான் நான் கேட்டேன். "தம்பி, இதுல இட்டேரிப் பக்கம் எத்தனை?" அவன் உன்னைப் பாத்து, "சார், தாத்தா என்ன கேக்கறாரு?"ன்னான். நீ சிரிச்சே. நீயும் பதில் சொல்லலை.

அடுத்தாப்பல, "வெளிய நின்னு தட்டிப் பாத்தியா, உள்ள போயிப் பாத்தியா?"ன்னு கேட்டேன். அது மட்டும் அவனுக்குப் புரிஞ்சுது. வெளிய நின்னுதான்னான். உள்ள போகோணும்னா பாஸ்வேர்டு குடுக்கோணும், இல்லாட்டி ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஏஜெண்டுன்னு ஒரு குட்டிச் சாப்ட்வேரைப் போடோணும். திண்ணையில நின்னுக்கிட்டு அடுப்படியில பல்லி இருக்குதான்னு சொல்ல முடியாதல்ல. அப்பறம் எப்படி இந்த நாலாயிரம்னா, பாதி ஊகம். அதையும் அவனே ஒத்துக்கிட்டான். நல்ல பையன். இந்தத் தொழிலுக்கு ஆக மாட்டான்.

பொறகு உன்ற எம்பிராய்டரி மிஷினு கம்ப்யூட்டரு. கீபோர்டு மேல நூல் தூசி அரை விரக்கடை இருக்குது, 'என்டர்' பட்டன் கழண்டு போயி பனியன் ஸ்டிக்கரு ஒட்டியிருக்குது. விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட்டுக்காரன் 2020 ஜனவரி 14-ந் தேதியோட அதைக் கைகழுவிட்டான். ஆனா மிஷினுக்கு டிசைன் அனுப்பற சாப்ட்வேரு அதுலதான் ஓடும். மிஷினு வெல பல லட்சம். ரிப்போர்ட்டுல செவப்பு எழுத்துல 'உடனே அப்கிரேடு செய்யவும்'னு போட்டிருக்குது. பல்லுப்போன மாட்டுக்குப் பல்லு மொளைக்க வெக்கவும்னு எழுதுன மாதிரி. வாராவாரம் அதையேதான் எழுதும், அதுக்குச் சலிப்பே வராது. சொறி புடிச்ச ஆட்டை என்ன பண்ணுவோம்? தனிப் பட்டியில அடைப்போம். நெட்டை அத்து விடு, மத்த கம்ப்யூட்டரோட சேராம ஒயரைப் பிரிச்சு விடு, கண்டவன் பென் டிரைவைச் சொருக விடாத. அந்த வேலைய உன்ற ஆபீசுக் கம்ப்யூட்டரு பையன் ஒரு நாள்ல பண்ணுவான். எந்தச் சாப்ட்வேரும் வந்து பண்ணாது.

இதுல ஒரு பெரிய எடத்துக் கதை இருக்குது, நல்லாக் கேளு. அமெரிக்காவுல ஈக்விஃபேக்ஸ்னு ஒரு கம்பெனி. ஊருல ஆரு கடன் வாங்குனான், ஆரு ஒழுங்காக் கட்டறான்னு கணக்கு வெச்சிருக்கறவன். 2017 மார்ச் 7-ந் தேதி அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ங்கற சாப்ட்வேர்ல ஒரு பெரிய ஓட்டைன்னு ஊரறியச் சொல்லி, அடைக்கறதுக்கு முள்ளும் சேத்தே குடுத்தாங்க. மறுநாளே அரசாங்க எச்சரிக்கையும் வந்துருச்சு. 9-ந் தேதி கம்பெனிக்குள்ள நானூறு பேருக்கு மேல மெயிலு, 48 மணி நேரத்துல அடைக்கோணும்னு. எத்தனை ஒழுங்கு பாத்தியா? நம்மூருல நானூறு பேருக்குக் கலியாணப் பத்திரிகை குடுக்கறதுக்கே ஒரு மாசம் ஆகுது.

ஆனா எந்த எடத்துல அந்தச் சாப்ட்வேரு ஓடுதுன்னு தெரிஞ்ச ஆளு அந்த மெயிலு பட்டியல்ல இல்லை. மாமன் பேரு விட்டுப்போன கலியாணப் பத்திரிகை. 15-ந் தேதி ஓட்டை தேடற சாப்ட்வேரை ஓட விட்டாங்க. அது ஒண்ணும் இல்லைன்னுருச்சு. தேட வேண்டிய அறைக்குள்ள அது போகவே இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. மே மாசம் திருடன் பூந்தான். ஜூலைக் கடைசி வரைக்கும், எழுபத்தாறு நாளு, உள்ள உக்காந்து சாவகாசமா அள்ளுனான். போறதையும் வர்றதையும் பாக்கறதுக்குன்னு வெச்ச கருவி ஒண்ணு இருந்துச்சு. அதுக்குண்டான சர்டிபிகேட்டு காலாவதியாகி மாசக்கணக்காச்சு, அது கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டே தூங்கிட்டிருந்துச்சு. ஜூலை 29-ந் தேதி அந்தச் சர்டிபிகேட்டைப் புதுப்பிச்சாங்க. புதுப்பிச்ச ஒடனே திருட்டுத் தெரிஞ்சு போச்சு. அதுக்குள்ள 14 கோடிக்கு மேலான சனங்களோட வெவரம் போயிருச்சு. 2019-ல தீத்துக்கிட்ட கணக்கு 70 கோடி டாலரு வரைக்கும். பெரிய மொதலாளியா இருந்தவரு நாடாளுமன்றக் கமிட்டி முன்னால போயி, சொல்ல வேண்டிய ஒரே ஒரு ஆளு சொல்லாம விட்டுட்டான்ங்கற மாதிரிப் பேசுனாரு. நோம்பியில சோறு பத்தலைன்னா எலை எடுக்கறவன் மேல பழி போடறது எல்லா ஊருலயும் இருக்குது போல.

அவனுகிட்ட ஓட்டை தேடற சாப்ட்வேரு இல்லாம இல்லை. தன்கிட்ட எது எது எங்க ஓடுதுங்கற கணக்குதான் இல்லை.

ரெண்டாம் நாளு வந்தவன் வேற மாதிரி. கோட்டு. சித்திரை வெயில்ல கோட்டு. அவன் விக்கறது செக்யூரிட்டி ஆட்டோமேசன். சோருன்னு சுருக்கிச் சொன்னான். பாக்கற ஆளு சோந்து போகாம இருக்கறதுக்காம், பேரு பொருத்தந்தான். எச்சரிக்கை மணி நாளுக்கு ஆயிரம் அடிக்குது, ஆளுக பாத்து மாள முடியலை; அதனால இன்ன மணி அடிச்சா இன்னது பண்ணுன்னு முன்னாலயே எழுதி வெச்சுட்டா, அதுவே பண்ணிரும். எழுதி வெக்கறதுக்குப் பிளேபுக்குன்னு பேரு. திருட்டு மெயிலு வந்தா, லிங்க்கைச் சோதிச்சு, அதே மெயிலு வேற ஆருக்கு வந்திருக்குதுன்னு தேடி, எல்லாத்தையும் அழிச்சு, அமுக்குனவனோட அக்கவுண்டைப் பூட்டி, டிக்கெட்டு எழுதி வெச்சுரும். பதினஞ்சு நிமிசச் சோலி, பத்துச் செகண்டுல. படத்துல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

இந்தச் சாமானைக் குத்தம் சொல்ல மாட்டேன். இது நம்ம நிட்டிங் மிஷின்ல இருக்கறதுதான். நூலு அந்து போச்சுன்னா மிஷினு தானா நின்னு லைட்டு எரியுமல்ல? ஆளு வந்து பாத்து நிறுத்தட்டும்னு விட்டா அதுக்குள்ள துணி கெட்டுப்போகும். அதனால மிஷினே நிக்குது. என்ற ஜாப் ஒர்க் காலத்துல ஒரு ராத்திரி ஷிப்டுப் பையன் இருந்தான். பஞ்சு அடைச்சுக்கிட்டுச் சும்மாச் சும்மா மிஷினு நிக்குது, எந்திரிச்சு எந்திரிச்சு ஓட வேண்டியிருக்குதுன்னு, நிறுத்தற கம்பியில ஒரு ரப்பரு பேண்டைப் போட்டுக் கட்டிட்டுத் தூங்கிட்டான். ராத்திரி பூராவும் மிஷினு நிக்காம ஓடுச்சு. காலையில ரோலை எறக்குனா சல்லடை. அவனைத் திட்டுனேன். பொறகு ரோசனை பண்ணிப் பாத்தா, பஞ்சைத் தொடைக்க ஒரு பிரஷ்ஷு வாங்கிக் குடுக்காதவன் நாந்தான்.

அமெரிக்காவுல டார்கெட்டுன்னு பெரிய கடை. 2013 நவம்பர் கடைசியில, அவன் சேல்ஸு உச்சத்துல இருக்கறப்ப, திருடன் பூந்து 4 கோடி கார்டு நம்பரை எடுத்துட்டுப் போனான். எந்த வழியா வந்தான்னு கேளு. குளுரு மிஷினு ரிப்பேரு பண்ற காண்ட்ராக்டரோட பாஸ்வேர்டு வழியா. அது இட்டேரிச் சந்து. கடைக்காரன் அதுக்குக் கொஞ்ச மாசம் முந்திதான் 16 லட்சம் டாலரு செலவு பண்ணி ஃபயர்ஐன்னு ஒரு காவலு சாமான் வாங்கி வெச்சிருந்தான். அது மணி அடிச்சுது. பெங்களூருல உக்காந்து பாத்துட்டிருந்த நம்ம பசங்க அதைப் பாத்து, அங்க தலைமை ஆபீசுக்குச் சொல்லவும் சொல்லிட்டாங்க. அங்க ஆரும் அசையலை. அந்தச் சாமானுக்குத் திருட்டுச் சாப்ட்வேரைத் தானாவே அழிக்கற வசதி இருந்துச்சாம். அதை அணைச்சு வெச்சிருந்தாங்கன்னு பின்னால பத்திரிகைகள்ல வந்துச்சு. ரப்பரு பேண்டு.

இதைக் கேட்டுட்டு, "அப்ப எல்லாத்தையும் தானா ஓட விட்டுருலாமுங்களா மாமா"ன்னு கேக்காத. 2024 ஜூலை 19 மறந்து போச்சா? கிரவுட்ஸ்டிரைக்குன்னு பேரு பெத்த காவக்காரன், தானா எறங்கற ஒரு அப்டேட்டைத் தப்பா எறக்கி, 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டரு நீலத் திரையோட படுத்துருச்சு. நம்ம ஏர்போர்ட்டுல போர்டிங் பாஸை கையால எழுதிக் குடுத்தாங்க. திருடன் ஒருத்தனும் வரலை. நாயே வீட்டுக்காரனக் கடிச்சுருச்சு.

அதனால கோட்டுக்காரனைக் கேட்டேன். "எங்க மெர்ச்சண்டைசர் பொண்ணு பையரைப் பாக்க பிராங்பர்ட்டு போயிருக்குது. நம்ம ராத்திரி பன்னண்டு மணிக்கு அங்கிருந்து லாகின் பண்ணுது. உங்க சாமான் என்ன பண்ணும்?" "வெளிநாட்டு லாகின், சந்தேகம், அக்கவுண்டு லாக்"ன்னான் பெருமையா. அடுத்த நாளு ஷிப்மெண்டு பேப்பரெல்லாம் அந்த அக்கவுண்டுக்குள்ள. "தொறக்கறதுக்கு ஆருங்க?" "உங்க எஸ்ஓசி டீமுங்க." காவலு பாக்கற ஆளுகளைத்தான் அப்படிச் சொல்றான். உன்ற எஸ்ஓசி டீமு அப்பத்தான் டீ வாங்கிட்டு உள்ள வந்தான். ஒத்த ஆளு. பிரிண்டருக்கு மையும் அவந்தான் ஊத்தறான்.

அந்தப் பையன்கிட்டயே கேட்டேன், "கண்ணு, இப்பத் திருட்டு மெயிலு வந்தா என்ன பண்றே?" "டெலீட் பண்ணிருவேனுங்க தாத்தா." அவ்வளவுதான் நம்ம பிளேபுக்கு. ஒரு வரி. இதை ஓட்டறதுக்கு லட்சக்கணக்குல சாப்ட்வேரு எதுக்கு? கையால ஒழுங்காப் பண்ணிப் பழகாத வேலைய மிஷின்ல ஏத்துனா, தப்பு வேகமா நடக்கும், அத்தனைதான். இன்னொண்ணு, அந்தச் சோருக்குச் சொந்தமாக் கண்ணு கெடையாது. மத்த சாமானுக பாத்துச் சொல்றதை வெச்சு இது கையக் காலை ஆட்டும். சொல்றதுக்கு உன்கிட்ட ஒழுங்கா ஒரு சாமானும் இல்லை. பேத்தி கம்பெனிக்கு இது வேணும். அங்க முப்பது பேரு ஷிப்டு போட்டு உக்காந்திருக்கான், மணி ஆயிரம் அடிக்குது. உனக்கு அடிக்கறது மத்தியானச் சோத்து மணி மட்டுந்தான்.

வெலையப் பத்திப் பேசுனாங்களே, அப்பத்தான் எனக்குச் சந்தை ஞாபகம் வந்துச்சு. கண்ணபுரத்துல துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் புடிச்சு வெல பேசுவோம், பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. இவனுகளும் துண்டு போட்டுத்தான் பேசறானுக. பலரோட எணைய பக்கத்துல வெலை இருக்காது, 'எங்களை அணுகவும்'னுதான் இருக்கும். வேலி சுத்தறவன் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு இத்தனைன்னு தலை எண்ணுவான். உன்ற கேமரா டப்பா, கை ரேகை மிஷினு, பிரிண்டரு எல்லாமே அவனுக்கு ஒரு தலை. அதை மொதல்லயே கேட்டுக்க. சோருக்காரன் ஆளுக்கு இத்தனைம்பான், இல்லாட்டி எத்தனை தடவை பிளேபுக்கு ஓடுதோ அதுக்கு இத்தனைம்பான். ரெண்டாவது வகைன்னா சூதானம். திருட்டு வர்ற மாசம் பில்லும் சேந்து வரும்.

மாடு பேரைப் பாத்து மயங்கிறாத. இந்தச் சோருத் தொழில்ல நல்ல கன்னுக்குட்டியெல்லாம் கை மாறிப்போச்சு. பேண்டம்னு ஒண்ணு, 2018-ல ஸ்ப்ளங்கு வாங்குனான்; அந்த ஸ்ப்ளங்கையே 2024-ல சிஸ்கோ வாங்கிட்டான். டெமிஸ்டோவை 2019-ல பாலோ ஆல்டோ. சீம்ப்ளிஃபையை 2022-ல கூகிள். நீ இன்னைக்கு ஒருத்தன்கிட்டக் கையெழுத்துப் போட்டா, மூணு வருசம் கழிச்சு எந்தப் பட்டியில நிப்பேன்னு தெரியாது. வேலி பாக்கற பக்கம் டெனபிள், குவாலிஸ், ராப்பிட்7-னு பழைய ஆளுக இன்னும் நிக்கறாங்க. நெசஸ்ங்கறது 1998-ல ஓசியாக் குடுத்த சாமான், 2005-ல மூடி வெச்சுட்டாங்க; அதுலிருந்து பிரிஞ்ச பங்காளிதான் ஓப்பன்வாஸ், இன்னும் ஓசிதான். ஓசின்னா வெல இல்லைன்னுதான் அர்த்தம் மாப்ளே, வேலை இல்லைன்னு இல்லை.

நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஆபீசு போட்டிருக்கற சோகோவும் மேனேஜ்எஞ்சின்ங்கற பேருல ஓட்டை பாத்து அடைக்கற சாமான் விக்குது. நம்ம ஊருக்காரன், தமிழ்ல பேசுனாப் போன் எடுப்பான், அது ஒரு சவுகரியம். அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு வாங்காத. 2021-ல அவங்களோட வேற ஒரு மேனேஜ்எஞ்சின் சாமான்லயே பெரிய ஓட்டை வந்து, எப்பிஐயும் சீசாவும் சேந்து எச்சரிக்கை போட்டாங்க. பூட்டு விக்கறவன் வீட்டுக் கதவும் மரந்தான். ஆரு சாமானா இருந்தாலும் அதையும் உன்ற கணக்குல ஒரு கம்ப்யூட்டரா எழுதி, அதுக்கும் ஓட்டை பாக்கோணும்.

வாங்கறதுன்னா எப்படின்னு கேப்பே. மாட்டைச் சந்தையிலயே பாத்துக் காசு குடுக்கறவன் மசையன். ஓட்டிட்டு வந்து நம்ம ஏர்ல ஒரு நாளு பூட்டிப் பாக்கோணும். ரெண்டு பேரையும் கூப்புட்டு, உன்ற எடத்துல, எம்பிராய்டரி ரூமுல, உன்ற பையனை வெச்சே ஒரு மாசம் ஓட்டச் சொல்லு. விக்கறவன் பக்கத்துல நிக்கக்கூடாது. மாசக் கடைசியில எத்தனை ஓட்டை கண்டுபுடிச்சேன்னு கேக்காத, எத்தனை அடைச்சேன்னு பையனைக் கேளு. அவன் ரெண்டு வெரலை மடக்குனா அந்தச் சாமான் தேறும். என்னைக் கேட்டா, இந்த வருசம் வேலிக்காரனை எடு, அதுவும் சின்னதா. கோட்டுக்காரனை ரெண்டு வருசம் கழிச்சு வரச் சொல்லு, கோட்டு இல்லாம.

தானா ஓடறதே வேண்டாம்னு சொல்லலை. ஓட்டை வந்தா டிக்கெட்டு எழுதறது, மூணு நாளாகியும் அடைக்காட்டி உனக்கு மெயிலு தட்டறது, இதெல்லாம் தானா நடக்கட்டும். அப்டேட்டை எடுத்ததும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் எறக்காம, மொதல்ல உன்ற மேசையில இருக்கறதுக்கு எறக்கு. அது படுத்தா கம்பெனிக்கு நட்டமில்லை. மைக்ரோசாப்ட்டுக்காரன் மாசத்துல ரெண்டாவது செவ்வாக்கெழமைதான் அடைப்பு அனுப்பறான். செவ்வாயில எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு உன்ற அத்தை சண்டைக்கு வருவா. நம்மூருக்கு அது வந்து சேர ராத்திரி பதினொண்ணு ஆயிரும்; பொழுது விடிஞ்சாப் புதன். பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சொல்லி அவ வாயை அடைச்சுருலாம்.

ரெண்டு சாமானும் பண்ணாத ஒண்ணு இருக்குது. சர்ட்-இன்னுன்னு நம்ம அரசாங்க அமைப்பு 2022 ஏப்ரல்லயே உத்தரவு போட்டிருக்குது: திருட்டுத் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லோணும், லாகு எல்லாம் 180 நாளைக்கு நம்ம நாட்டுலயே வெச்சிருக்கோணும். ஆறு மணி நேரத்துல நீ எந்திரிச்சுப் பல்லு வெளக்கறதுக்கே நேரம் சரியாப் போயிரும். ஆரு சொல்றது, எந்த மெயிலுக்குன்னு ஒரு அட்டையில எழுதிச் செவுத்துல ஒட்டு. கம்ப்யூட்டர்ல எழுதி வெக்காத. அதைத்தான திருடன் பூட்டி வெச்சிருப்பான்.

நம்ம ஒறம்பறை ஒருத்தருக்கு நடந்தது உனக்கும் தெரியும். பையரு பேருல மெயிலு, 'பேங்கு அக்கவுண்டு மாத்தியிருக்கறோம்'னு, இவரும் அனுப்பிட்டாரு. அதுல ஒரு கம்ப்யூட்டரும் ஒடையலை, ஒரு ஓட்டையும் இல்லை. ஒரு போனு போட்டுக் கேட்டிருந்தாப் போதும்.

கடைசியா ஒரு வெவரம். நீ ரெண்டு பேருகிட்டயும் "எங்ககிட்ட 118 சிஸ்டமுங்க"ன்னு சொன்னயல்ல? சனிக்கெழம மத்தியானம் எனக்குச் சோலி இல்லை. பேரன் பள்ளிக்கூட நோட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு, கட்டிங்லிருந்து அயர்னிங் வரைக்கும், மாடி, குடோன், செக்யூரிட்டி ரூமுன்னு நடந்தே எண்ணுனேன். 131. கேண்டீன்ல ஒண்ணுல பாட்டு ஓடுது. பழைய குடோன் மாடிப்படிக்குக் கீழ, அட்டைப் பொட்டிக்குப் பின்னால ஒண்ணு, தூசி மூடிக் கெடந்துச்சு, பச்சை லைட்டு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. என்னதுன்னு பையனைக் கேட்டேன். "நான் வர்றதுக்கு முந்தியிருந்தே ஓடுதுங்க, ஆரும் தொட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க"ன்னான். ஆரு சொன்னதுன்னு கேட்டா, அவனுக்கு முந்தி இருந்தவராம்.

நான் புடுங்கிட்டேன். திங்கக்கெழம காத்தால ஆராச்சும் அய்யோன்னு கத்துனா எனக்குப் போன் போடு. பிளக்கு என்ற வேட்டி மடிப்புலதான் இருக்குது.